கணவன், மனைவி விசாவுக்கு ஃபீ வேவர்: மேசைக்கு வருகிற கேள்விகள்

லண்டன் ஹாரோ பக்கத்தில் ஓர் ஆலோசனை நிலையத்தில் சனிக்கிழமைகளில் மொழிபெயர்ப்பு செய்கிறேன். சட்ட ஆலோசனை சொல்வது பதிவு பெற்ற ஆலோசகர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், நம்மவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வதும்தான் என் வேலை. ஐந்தாறு வருடமாக ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, இதை ஒரு இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். இங்கே உள்ளது பொதுத் தகவல். உங்கள் கேஸுக்கு என்ன செய்வது என்பதை ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும்.

"ஃபீ வேவர் எண்டால் என்ன? கட்டின காசைத் திருப்பித் தருவினமோ?"

இல்லை, கட்டிய காசு திரும்பி வராது. ஃபீ வேவர் என்பது கட்டண விலக்கு. விசா விண்ணப்பத்தைப் போடுவதற்கு முன்னால், "எங்களால் இந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாது" என்று, விசா கொடுக்கும் அரசாங்கத் துறையான ஹோம் ஆபீஸுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போடுகிறீர்கள். அதற்குக் கட்டணம் இல்லை. முழுக்க ஆன்லைன். அவர்கள் ஒத்துக்கொண்டால் ஒரு குறியீட்டு எண் வரும். அந்த எண்ணைப் போட்டு உண்மையான விசா விண்ணப்பத்தைக் காசு கட்டாமல் அனுப்பலாம்.

வேவர் கிடைப்பதும் விசா கிடைப்பதும் வேறு வேறு. வேவர் கிடைத்ததும் "விசா வந்திட்டுது" என்று ஊருக்குப் போன் பண்ணியவர்கள் உண்டு. விசா விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

"எவ்வளவு மிச்சம் வரும், அதைச் சொல்லுங்கோ முதல்ல"

2025 ஏப்ரலில் வந்த கட்டணப் பட்டியல்படி, இங்கிருந்தபடியே துணைவர் விசாவை நீட்டிக்க 1,321 பவுண்ட். அதோடு இங்குள்ள அரசாங்க மருத்துவத்துக்காக வாங்கும் ஹெல்த் சர்சார்ஜ், பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட். விசா இரண்டரை வருடத்துக்கு என்பதால் அது மட்டும் 2,587.50. ஆக ஒரு ஆளுக்கு 3,908.50 பவுண்ட்.

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு விசாக் கட்டணம் 1,938. அவர்களுக்கு 33 மாத விசா என்பதால் சர்சார்ஜை மூன்று வருடக் கணக்கில் எடுப்பார்கள்: 3,105. மொத்தம் 5,043 பவுண்ட். இந்தத் தொகைகள் ஏப்ரல் மாதங்களில் ஏறுவது வழக்கம். அதனால் போடுகிற அன்று அரசாங்கத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"நான் வேலைக்குப் போறன். வேலை செய்யிற ஆக்கள் கேக்கலாமோ?"

கேட்கலாம். கையேந்தி நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் இது என்று நம்மவர்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. அது தப்பு. தங்க இடமோ சாப்பாடோ இல்லாதவர்களுக்குக் கிடைக்கும். அந்த நிலைக்குத் தள்ளப்படப் போகிறவர்களுக்கும் கிடைக்கும். இந்தக் கட்டணத்தைக் கட்டினால் பிள்ளையின் தேவைகளுக்குக் காசு இல்லாமல் போகும் என்றாலும் கிடைக்கும். இதற்கெல்லாம் மேலே உள்ள அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: அத்தியாவசியச் செலவு போக உங்கள் கையில் நிற்பதில் இந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா, முடியாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,700. ஒற்றை அறை வாடகை 1,050. கவுன்சில் டாக்ஸ் 130. கரண்ட், காஸ், தண்ணீர் 140. சாப்பாட்டுச் சாமான் 260. பஸ் 80. மிஞ்சுவது 40 பவுண்ட். அந்த நாற்பதையும் விடாமல் சேர்த்தாலும் 3,908.50 சேர எட்டு வருடம் ஆகும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் நிரூபிக்க முடிந்தால் வேலை செய்பவரும் கேட்கலாம்.

"என் ஹஸ்பண்ட் வருஷம் 29,000க்கு மேல சம்பாதிக்கிறார். ஆனா கையில ஒண்ணும் நிக்கல. எங்களுக்குக் கிடைக்குமா?"

அதிகம் பேர் இடறும் இடம் இதுதான். வருமான வரம்பைக் காட்டி ஐந்து வருட வழியில், அதாவது ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம் கேட்கும் வழியில், போகிறவர்கள் பொதுவாக ஃபீ வேவர் பட்டியலில் வருவதில்லை. அந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்ட். அதற்கு முன்பே துணைவர் விசா பெற்று, அதே துணைவரோடு நீட்டிப்பவர்களுக்குப் பழைய 18,600.

பட்டியலில் வருபவர்கள் யார்? கணவரோ மனைவியோ பிப், டி.எல்.ஏ., அட்டென்டன்ஸ் அலவன்ஸ், கேரர்ஸ் அலவன்ஸ் போன்ற, இயலாமைக்கோ பராமரிப்புக்கோ தரும் அரசாங்க உதவி பெறுவதால் வருமான வரம்பு பொருந்தாதவர்கள். அப்புறம், வரம்பை எட்ட முடியாமல், "விசா மறுத்தால் எங்கள் குடும்ப வாழ்க்கை உடையும்" என்று மனித உரிமை அடிப்படையில் பத்து வருட வழியில் கேட்பவர்கள். மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். ஃபீ வேவர் என்கிற ஏற்பாட்டின் வேரும் அங்கேதான் இருக்கிறது. கட்டணம் கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் ஒருவரின் குடும்ப உரிமைக் கோரிக்கையைப் பார்க்காமலே தள்ளக் கூடாது என்று 2012இல் இங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னது.

"அப்ப வேவர் கேட்டால் எங்களைப் பத்து வருட ரூட்டில தள்ளிப்போடுவினமோ?"

வேவர் கேட்பதால் யாரும் ரூட் மாறுவதில்லை. வருமானம் போன்ற நிபந்தனைகளை எட்டாததால்தான் பத்து வருட வழிக்குப் போகிறார்கள். பிப் எடுக்கும் கணவரின் மனைவி ஐந்து வருட வழியில் இருந்துகொண்டே வேவர் கேட்கலாம்.

ஆனால் 29,000ஐ எட்டுகிற குடும்பம், வேவருக்காகவே பத்து வருட வழிக்கு மாறலாமா என்று யோசித்தால், நான் அவசரப்பட வேண்டாம் என்பேன். பத்து வருடம் என்றால் இரண்டரை வருடமாக நான்கு முறை விசா. இன்று ஒரு முறை மிச்சம் பிடித்து, நாளைக்குக் கூடுதலாக இரண்டு முறை கட்ட வேண்டி வரலாம். அடுத்த முறையும் வேவர் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது; ஒவ்வொரு முறையும் புதிதாக நிரூபிக்க வேண்டும். இதை ஆலோசகரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

"மனுசி யாழ்ப்பாணத்தில. அவவுக்கும் கேக்கலாமோ?"

கேட்கலாம். முன்பு வெளிநாட்டிலிருந்து போடுபவர்களுக்கு இது எட்டாத விஷயமாக இருந்தது. 2022இலிருந்து அவர்களுக்கும் வழி திறந்திருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்பது ஏறக்குறைய மேலே சொன்ன அதே பிரிப்புத்தான்.

ஒரு வித்தியாசம். ஊரில் இருக்கும் மனைவியிடம் காசு இல்லை என்று காட்டினால் போதாது. இங்கே இருக்கும் உங்கள் சம்பளம், உங்கள் வங்கிக் கணக்கு எல்லாமே பார்க்கப்படும். கட்டப்போவது நீங்கள்தானே என்பது அவர்களின் நியாயம். இலங்கை, இந்தியா இரண்டிலிருந்தும் வருபவர்களுக்கு டி.பி. (காசநோய்) பரிசோதனை கட்டாயம், அந்தக் காசு, ஆங்கிலப் பரீட்சைக் காசு, மொழிபெயர்ப்புக் காசு எதுவும் வேவருக்குள் வராது. அவற்றைக் கட்டத்தான் வேண்டும்.

"என்னென்ன பேப்பர் குடுக்கவேணும்?"

கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை. உங்களுடையது, துணைவருடையது, எல்லாக் கணக்கும். "அந்த அக்கவுண்ட்ல பத்துப் பவுண்ட்தான் கிடக்கு" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன 20 பவுண்டை வைத்து, "அந்த இன்னொரு கணக்கு எங்கே?" என்று கேட்பார்கள். ரெவலூட், மொன்சோ மாதிரி போன் வங்கிகளும் கணக்குத்தான்.

அதோடு சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ், கரண்ட் பில், பெனிபிட் கடிதங்கள், கடன் இருந்தால் அதன் கடிதம். பிள்ளை இருந்தால் பாடசாலைச் செலவு, விசேஷத் தேவை இருந்தால் டாக்டர் கடிதம். ஒரு அம்மா சரவணா ஸ்டோர்ஸ் பை நிறைய ரசீது கொண்டுவந்தார், தேங்காய்ப்பால் டின் வாங்கியது வரைக்கும். அவ்வளவு வேண்டாம். ஆனால் படிவத்தில் மாதச் சாப்பாடு 260 என்று எழுதினால், வங்கி அறிக்கையிலும் அதற்குக் கிட்டத்தட்டத் தெரிய வேண்டும். கையில் காசாக எடுத்துச் செலவழிக்கிறவர் என்றால், அதையும் எழுதிவிடுங்கள்.

"பேங்க் ஸ்டேட்மென்ட்ல சீட்டுக்காசு கிடக்கு. அதை எப்பிடிச் சொல்லுறது?"

இந்தக் கேள்வி வராத சனிக்கிழமை குறைவு. மாதா மாதம் 150 அல்லது 200 பவுண்ட் ஒரே ஆளின் பெயருக்குப் போகிறது. குறிப்பில் ஒன்றுமில்லை, அல்லது "தாங்ஸ்" என்று இருக்கும். பார்க்கும் அதிகாரிக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரியாது. அவர் கண்ணுக்கு அது இரண்டில் ஒன்று: சேமிப்பு, அல்லது தேவையில்லாத செலவு. இரண்டுமே உங்களுக்குப் பாதகம்.

முதலில் உங்களையே கேளுங்கள்: சீட்டு எடுத்தாச்சா, இல்லையா? எடுத்துவிட்டு இப்போது மிச்சத் தவணை கட்டிக்கொண்டிருந்தால், அது கடன் அடைப்பது மாதிரி. எப்போது எடுத்தீர்கள், எவ்வளவு வந்தது, அந்தக் காசு எங்கே போனது, இன்னும் எத்தனை மாதம் என்று நாலு வரியில் எழுதி, சீட்டுப் பிடிப்பவரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். எடுத்த காசு ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால், அது போன வழியும் அறிக்கையில் தெரிய வேண்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால், அது உங்கள் சேமிப்புத்தான். பத்து மாதம் 200 கட்டி, ஒன்றுமே எடுக்காமல், "எங்களிடம் சேமிப்பே இல்லை" என்று எழுதுவது பொய். எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், எப்போது கைக்கு வரும் என்பதை எழுதுங்கள். அதனால் வேவர் மறுக்கப்படலாம். மறைத்துப் பிடிபட்டால் வரும் சேதம் அதைவிடப் பெரிது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒருவர் தன் அறிக்கையில் சீட்டு வரிகள் ஆறையும் மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, ஓரத்தில் 1, 2, 3 என்று இலக்கம் போட்டு, தனித் தாளில் அந்த இலக்கங்களுக்கு விளக்கம் எழுதிக் கொண்டுவந்தார். சீட்டுக்கு மட்டும் இல்லை, நூறு பவுண்டுக்கு மேலே உள்ள எல்லா வரவு செலவுக்கும். எனக்கு அன்றைக்கு மொழிபெயர்க்கிற வேலை பாதியாகக் குறைந்தது. நான் இப்போது எல்லோருக்கும் அந்த முறையைத்தான் சொல்கிறேன்.

"அம்மாவுக்கு மாசம் 100 பவுண்ட் அனுப்புறன். அதை நிப்பாட்டவோ?"

விண்ணப்பத்துக்காக நிப்பாட்டுவதில் பெரிய பிரயோசனம் இல்லை, பழைய மாதங்கள் அறிக்கையில் இருக்கத்தானே போகிறது. அனுப்புவது ஏன், அம்மாவுக்கு வேறு வருமானம் உண்டா, மருந்துச் செலவா என்று எழுதுங்கள். மருந்துச் சிட்டை இருந்தால் போன் படமாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் உண்மையாகப் பேசினால், இது அதிகாரியின் கையில் இருக்கிற விஷயம். மாதம் 100 அனுப்ப முடிந்தவர் அதைக் கட்டணத்துக்குச் சேர்த்திருக்கலாமே என்று அவர் கேட்க இடம் உண்டு. தொகை பெரிதாக ஆக விளக்கமும் பலமாக இருக்க வேண்டும். ஊரில் வீடு கட்ட அனுப்பியது என்றால், எந்த விளக்கமும் எடுபடுவது கஷ்டம்.

"கழுத்தில கிடக்கிற தாலிக்கொடியையும் எழுதவேணுமோ?"

கழுத்தில் போட்டிருக்கும் தாலியை விற்றுக் கட்டு என்று யாருக்கும் கடிதம் வந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் சொத்து என்ன இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் ஊரில் உள்ள காணி, வீடு, இங்குள்ள கார், லாக்கரில் உள்ள நகை இவற்றை விட்டுவிடாதீர்கள். காணியை உடனே விற்க முடியாது, அண்ணன் தம்பிகளோடு கூட்டு உறுதி என்றால், அதையும் சேர்த்து எழுதுங்கள். நகை அடைவு வைத்திருந்தால் அந்தச் சிட்டை நல்ல ஆதாரம்.

"அண்ணா வீட்டில் இருக்கோம், வாடகை கிடையாது. அதனாலேயே மறுத்துடுவாங்களா?"

அதனால் மட்டும் மறுக்க முடியாது. தங்க இடம் இருக்கிறது என்பது ஒன்று, 3,908.50 பவுண்ட் இருக்கிறது என்பது வேறொன்று. அண்ணனிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: யார் யார் அந்த வீட்டில், எவ்வளவு காலமாக, சாப்பாடும் அவர் தருகிறாரா, கட்டணத்தையும் அவரே கட்ட முடியுமா, முடியாதென்றால் ஏன். கடைசி வரிதான் முக்கியம். "என் தங்கையை நான் அன்போடு பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதிய கடிதங்கள் வந்திருக்கின்றன. அதைப் படித்தால் யாருக்கும் தோன்றும், அப்படியானால் கட்டணத்தையும் நீங்களே கட்டலாமே என்று. அவருக்கும் மோர்ட்கேஜ், பிள்ளைகள் இருந்தால் அதைச் சொல்லி, ஆதாரமும் வைக்கச் சொல்லுங்கள்.

"விசா முடிய மூண்டு நாள்தான் கிடக்கு. வேவர் போட்டால் காப்பாத்துமோ?"

விசா முடிவதற்கு முன் வேவர் விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்பிவிட்டால், அந்த நாளே உங்கள் விசா விண்ணப்ப நாளாகக் கணக்கில் வரும். ஒரு நிபந்தனை உண்டு. வேவர் முடிவு வந்து 10 வேலை நாட்களுக்குள் விசா விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். குடிவரவு விதிகளில் 34ஜி என்ற பிரிவு இது. அப்படிச் செய்தால் பழைய விசாவின் உரிமைகள், வேலை உட்பட, முடிவு வரும் வரை தொடரும். "3சி லீவ்" என்று சொல்வது இதைத்தான். ஆறு மாத ஆதாரங்கள் கையில் முழுமையாக இல்லையே என்று விசா நாளைத் தாண்டவிடாதீர்கள். அனுப்பியதும் திரையில் வரும் உறுதிப்படுத்தலைப் படம் எடுத்து வையுங்கள். வேலையிடத்தில் விசாக் கேள்வி வந்தால் உடனே ஆலோசகரிடம் பேசுங்கள்.

நாள் தாண்டிவிட்டால் வேவரே கேட்க முடியாது என்றில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்னொன்று: பழைய பிளாஸ்டிக் விசா அட்டையைப் பார்த்து நாள் எண்ணாதீர்கள். நிறைய அட்டைகளில் விசா எப்போது முடிந்தாலும் 2024 டிசம்பர் 31 என்றே அச்சாகி இருந்தது. உண்மையான நாள் உங்கள் இ-விசா கணக்கில் இருக்கும்.

"மேலதிகத் தகவல் கேட்டு ஈமெயில் வந்திருக்கு. பயமா இருக்கு"

பயப்பட ஒன்றுமில்லை, பதில் போடாமல் விடுவதுதான் ஆபத்து. கேட்டதைக் கெடுவுக்குள் அனுப்புங்கள். இல்லாத ஆதாரம் என்றால், ஏன் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். ஜங்க் பெட்டியைத் தினமும் பாருங்கள். மருமகனின் ஈமெயிலைக் கொடுத்துவிட்டு அவர் பார்க்காததால் தவறவிட்டவர் ஒருவர் அல்ல, இருவர்.

"மறுத்திட்டாங்க. அப்பீல் பண்ணலாமா?"

வேவர் மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கேட்கும் வழி மட்டும் உண்டு. அது செலவும் காலமும் பிடிக்கும், வக்கீல் சொல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். நடைமுறையில் இருப்பது இரண்டு வழி: அந்த 10 வேலை நாட்களுக்குள் காசைக் கட்டி விண்ணப்பம் போடுவது, அல்லது மறுத்த காரணத்தைச் சரிசெய்து புதிதாக வேவர் கேட்பது. விசா நாள் ஏற்கெனவே முடிந்திருந்தால் இரண்டாவது வழியில் மேலே சொன்ன பாதுகாப்பு அறுந்துபோகும். இதைத் தெரியாமல் செய்தவர்கள்தான் பிறகு அழுதுகொண்டு வருகிறார்கள்.

பாதி வேவரும் உண்டு. விசாக் கட்டணத்தைக் கட்ட முடியும், ஹெல்த் சர்சார்ஜைத்தான் கட்ட முடியாது என்று பட்டால், சர்சார்ஜை மட்டும் விலக்குவார்கள். அப்போது 1,321ஐ அந்தக் கெடுவுக்குள் புரட்ட வேண்டும்.

"வேவர் எடுத்தால் பெனிபிட் எடுத்த மாதிரியோ? பிறகு பி.ஆருக்குப் பாதிக்காதோ?"

வேவர் அரசாங்க உதவிக்காசு அல்ல. உங்கள் விசாவில் "பொது நிதி எடுக்கக் கூடாது" என்று இருந்தாலும் வேவர் கேட்கலாம். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்ன கதைகளை இங்கே பொருத்திப் பயப்பட வேண்டாம். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: வேவர் கிடைத்ததால் அந்தத் தடை தானாக நீங்காது. அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது.

பாதிப்பு வருவது பொய் சொன்னால்தான். மறைத்த கணக்கு, இட்டுக்கட்டிய வாடகைச் சிட்டை, இவை பிடிபட்டால் வேவரோடு நிற்காது. ஏமாற்றினார் என்ற குறிப்பு விசா விண்ணப்பத்தையே தொடும்.

"ஐ.எல்.ஆருக்கும், சிட்டிசன்ஷிப்புக்கும் இதே மாதிரிக் கேக்கலாமோ?"

நிரந்தர வதிவிடத்துக்கு, அதாவது ஐ.எல்.ஆருக்கு, துணைவர் வழியில் வேவர் கிடையாது. 2025 பட்டியலில் அது 3,029 பவுண்ட். பெரியவர்களின் குடியுரிமைக்கும் இல்லை.

ஒரு விதிவிலக்கு, இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். துணைவரின் வன்முறையால் உறவு முறிந்தவர்கள் அந்த அடிப்படையில் ஐ.எல்.ஆர் கேட்கலாம், வழியில்லாத நிலையில் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. அதுவரை சமாளிக்க மூன்று மாதத்துக்கு, பெனிபிட் எடுக்கும் உரிமையோடு, தற்காலிக அனுமதியும் கேட்கலாம். அடி என்றால் மட்டும்தான் வன்முறை என்றில்லை. காசைப் பிடுங்கி வைப்பதும், வெளியே விடாமல் வைத்திருப்பதும் சேர்த்தி. "அவர்தான் ஸ்பான்சர், அவர் கையெழுத்து இல்லாமல் என்ன செய்வது" என்று இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் கையெழுத்து தேவையில்லை.

"ஒராள் 600 பவுண்ட் தந்தால் வேவர் எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறார். குடுக்கவோ?"

600 பவுண்ட் ஒரே தடவையில் கொடுத்தால் அதுவும் உங்கள் வங்கி அறிக்கையில் வரும், கட்ட வழியில்லை என்று சொல்லும் அதே ஆறு மாதத்தில். அதை முதலில் யோசியுங்கள்.

இங்கே குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு ஒருவர் வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்து 2025 ஜனவரியிலிருந்து ஐ.ஏ.ஏ. என்று பெயர் மாறிய அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்வது குற்றம். அவர்களின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இலவசமாகவோ குறைந்த காசிலோ பார்க்க லா சென்டர்கள், சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்கள் இருக்கின்றன. அந்த ஆளின் பெயர் பட்டியலில் இருந்தால், 600 எதற்கு, வேவருக்கு மட்டுமா, விசா விண்ணப்பமும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழும்பி வாருங்கள்.